நூற்றைம்பது தார் எத்தனை கிலோ?

உங்களுக்குக் கொடுத்திருக்கும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கிறது. இடது பக்கம் டிராக்டரின் குதிரைத்திறன், வலது பக்கம் அதன் பின்னால் மாட்டலாம் என்று அனுமதித்த டிரெய்லரின் எடை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட விரலை வைத்துப் பார்த்து அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். அதில் ஒரு தப்பும் இல்லை. முப்பது வருடம் இந்தத் தேனி ஷோரூமில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்து, அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் நானும் கையெழுத்துப் போட்டேன். இன்று உங்களிடம் பேசச் சொன்னபோது, அந்த அட்டவணையில் எந்த இடத்திலும் கேட்கப்படாத ஒரு கேள்வியைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. வெளியூரிலிருந்து வந்தவர்கள் கவனியுங்கள். நம் பள்ளத்தாக்கில் யாரும் டன் கணக்கில் பேசமாட்டார்கள். கரும்புக்கும் மணலுக்கும் வேண்டுமானால் டன். மற்றபடி திராட்சை என்றால் பெட்டி, தேங்காய் என்றால் எண்ணம், வைக்கோல் என்றால் கட்டு, வாழை என்றால் தார். "எவ்வளவு லோடு அடிப்பீங்க?" என்று கேட்டால் "நூத்தம்பது தாரு" என்பார்கள். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் திருப்தியாகிவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, கோம்பைக்கு மேற்கே கால்வாய்ப் பாலத்தில் ஒரு டிராக்டர் விபத்து நடந்தது. உத்தமபாளையத்து ஜமீலா பீவி என்பவரின் வண்டி அது. கணவர் கேரளத்தில் வியாபாரம் பார்க்க, கோம்பையில் மலையடிவாரத்து வாழைத்தோட்டத்தை அந்த அம்மாள்தான் தனியாக நடத்திவந்தார். வண்டியை ஓட்டியவர் செல்வம். அந்த அம்மாளிடம் பத்து வருடமாக வேலை பார்ப்பவர், நாற்பதைத் தாண்டியவர். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும்போது டிராக்டர் குறுக்கே மடங்கிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது. டிரெய்லர் அதன் மேலேயே ஏறி நின்றது. பாதித் தார்கள் கால்வாயில் மிதந்தன. செல்வத்துக்கு வலது கால் எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது பெரிய விஷயம்.

ஊர் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது: ஆள் தூங்கிவிட்டான். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், நேரான சாலை, நல்ல வெளிச்சம். வேறென்ன இருக்க முடியும்?

இழுத்து வந்த டிராக்டரை நம் பட்டறையில்தான் போட்டார்கள். பிரேக்கைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பிடித்தது. ஸ்டீயரிங், டயர், ஹைட்ராலிக், எதிலும் குறையில்லை. நாலு நாள் கழித்து மேலாளர் படிவத்தை என் மேசையில் வைத்தார். விபத்துக்கான காரணம் என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள். வாகனக் கோளாறு, ஓட்டுநர் கவனக்குறைவு, பிற.

"வண்டில கோளாறு இல்லேல? அப்ப ரெண்டாவதுல டிக் போட்டுச் சாயங்காலத்துக்குள்ள குடுங்க. அவுக இன்ஷூரன்ஸுக்கு அனுப்பணுமாம்" என்றார்.

பேனாவைத் திறந்துவிட்டேன். டிக் போடவும் போனேன். என்னைத் தடுத்தது நீதி, நியாயம் என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவு நல்லவன் இல்லை நான். வண்டியை இழுத்து வந்தவர் போகிற போக்கில் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தைதான் தடுத்தது. "டிரைவர் என்ன சொல்றான் தெரியுமா சார்? டிரெய்லர் அவனத் தள்ளிவிட்ருச்சாம். இன்ஜினே இல்லாத டிரெய்லர் தள்ளுமா?"

தூங்கியவன் பொய் சொல்வதானால் குறுக்கே மாடு வந்தது என்பான், எதிரே பைக் வந்தது என்பான். யாரும் நம்பாத பொய்யை ஒருவன் ஏன் சொல்ல வேண்டும்? எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி உண்டு. ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் சோறு இறங்காது. பேனாவை மூடிவிட்டு பைக்கை எடுத்தேன்.

பாலத்துக்குப் போனபோது உடைந்த சுவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சுவரைத்தான் பார்த்தார்கள். நானும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். உடைந்த சுவர் எதைச் சொல்லும்? உடைந்தேன் என்றுதான் சொல்லும். வண்டி வந்த திசையில் சரிவின் மேலே நடந்தேன்.

டிராக்டரின் பெரிய சக்கரத்தில் சாய்வாகப் பட்டைகள் இருக்குமல்லவா, அது உருண்டு போனால் சாலையில் அந்தப் பட்டைகளின் வடிவம் விழும். உருளாமல் இழுபட்டால் வெறும் கறுப்புக் கோடு விழும். பாலத்தருகே கோடு வளைந்து கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகப் போக, கோடு நேராகி, நீண்டுகொண்டே போனது. சரிவின் தலையில், புளியமரத்துக்குப் பக்கத்தில்தான் அது தொடங்கியது. அங்கேயே பிரேக் மிதிபட்டிருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நின்ற சக்கரத்தோடு வண்டி மட்டும் கீழே போயிருக்கிறது.

தூங்குகிறவன் சரிவு தொடங்கும் இடம் பார்த்துப் பிரேக் மிதிப்பானா? சரி, மிதித்தான் என்றால் நல்ல பிரேக் ஏன் நிறுத்தவில்லை? ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இன்னொன்று அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு மனிதர் கால் உடைந்து கிடக்கிறார் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

செல்வத்தின் வீடு கோம்பையிலேயே இருந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ராணி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். டிராக்டர் ஷோரூமிலிருந்து வருகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செல்வம் பேசினார்.

"எழுதிக்கங்க சார். நான் தூங்கிட்டேன்."

தூக்கிவாரிப் போட்டது. "டிரெய்லர் தள்ளுச்சுன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன். கேட்டவுக எல்லாம் சிரிச்சாக. அந்த ரோட்ல பத்து வருசமா போறேன் சார். இதே வண்டி மூணு வருசமா ஓட்டுறேன். இதே நூத்தம்பது தாரு. ஒருநாளும் அந்தளவு தள்ளாதது அன்னைக்கு எப்புடித் தள்ளும்? யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, நாந்தான் கண்ணசந்துட்டேனோன்னு இருக்கு."

"பிரேக்க மிதிச்ச ஞாபகம் இருக்கா?"

"மிதிச்ச மாதிரிதான் இருக்கு. அது கனவா நெசமான்னு தெரியல."

ராணி அடுப்படி நிலையில் நின்றபடி சொன்னார்: "பீவிம்மா நேத்து வந்தாக சார். தூங்கிட்டேன்னு ஒத்துக்க, ஆஸ்பத்திரிச் செலவு நான் பாத்துக்கிறேன், கால் கூடுனதும் தோட்டத்துல தண்ணி பாய்ச்சுற வேலை தாரேன், வண்டில மட்டும் இனிமே ஏறாதன்னு சொன்னாக. நல்ல மனசாத்தான் சொன்னாக. இவருதான் அன்னைல இருந்து ராத்திரி கண்ணே மூட மாட்டேங்குறாரு. மூடுனா தூங்கிருவேன்னு பயப்படுறாரு. தூங்குனாருன்னு ஊரே சொல்லுது. நானே ஒருநாள் கேட்டுட்டேன், நெசமாத்தான் தூங்கிட்டீகளான்னு."

செல்வம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

எத்தனையோ விபத்துப் படிவங்கள் நிரப்பியிருக்கிறேன். செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒருவர் தன்னைத் தானே நம்பவைத்துக்கொண்டிருப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். என் கையில் இருந்த டிக், அவர் பத்து வருடம் ஓட்டிய வண்டியிலிருந்து அவரை இறக்கிவிடும். அது மட்டுமில்லை, அவர் கண்ணால் பார்த்ததையும் காலால் மிதித்ததையும் பொய் என்று சொல்லிவிடும். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இதுக்கு முந்தின நடையில ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"முந்தின ரெண்டு நடையிலயும் லேசாத் தள்ளுன மாதிரிதான் இருந்துச்சு. டிரெய்லருக்குப் புதுசா ஸ்பிரிங் பிளேட் போட்ருக்குல்ல, அதுனால இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று என்னை உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. தோட்டத்துக்குப் போனேன்.

தோட்டத்தில் மறுபக்கத்து வயலில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டிய தார்களை ஆட்கள் தோளில் சுமந்து வந்து பாதையோரம் அடுக்க, ஒருவர் ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று தொடங்கி, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்று பார்த்தேன். ஆளுக்கு ஒரு தார். தோளில் சாக்கை மடித்துப் போட்டு, குனிந்து, தம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு இந்த டிராக்டரை ஒப்படைக்க நான் இதே தோட்டத்துக்கு வந்திருக்கிறேன். அன்றும் வெட்டு நடந்தது. அன்று ஆட்கள் தோளுக்கு ஒன்றாக இரண்டு தாரைச் சுமந்துகொண்டு, வழிநெடுகப் பேசிச் சிரித்தபடி வந்தது நினைவுக்கு வந்தது.

எண்ணிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன், "முன்னாடி ஆளுக்கு ரெண்டு தூக்குவீங்கள்ல?"

"அது நாழிப்பூவன் ரகம் சார். இது ஜி-நைனு. இதுல ரெண்டு தூக்கச் சொன்னா ஆளு ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். இந்த வருசந்தான் பீவிம்மா இங்கன மாத்திப் போட்டாக."

ஒரு தாரைத் தூக்கிப் பார்த்தேன். முழங்கால் வரைகூட வரவில்லை, கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நேராக உத்தமபாளையம் போனேன். ஜமீலா பீவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். எனக்கு இருந்த அவசரத்தில் டீயைத் தொடவில்லை.

"அம்மா, அன்னைக்கு டிரெய்லர்ல எத்தனை தார் இருந்துச்சு?"

"எப்பவும் போல நூத்தம்பதுதான் சார். கூட ஒரு தாருகூட ஏத்த மாட்டேன். வண்டி குடுத்த அன்னைக்கு நீங்க எழுதிக் குடுத்த கணக்கத் தாண்டுனதே இல்ல."

"ஜி-நைன் ஒரு தாரு எத்தனை கிலோ வரும்?"

"முப்பதுக்குக் கொறையாது."

"நாழிப்பூவன்?"

"பன்னெண்டு வரும்" என்று உடனே சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். போனை எடுத்து, லாரி வியாபாரி அனுப்பிய எடைச்சீட்டின் படத்தைக் காட்டினார். முந்தைய நடையில் போன நூற்றைம்பது தார், நாலரை டன்னுக்குச் சற்று மேல். "விக்கிறது கிலோ கணக்குலதானே சார். எனக்குத் தெரியாம இருக்குமா? நீங்க எத்தனை தாருன்னுதான் கேட்டீக. எத்தனை கிலோன்னு கேக்கலையே."

ஏற்றுவது எண்ணிக்கையில், விற்பது எடையில். இரண்டு கணக்கும் ஒரே அம்மாளின் தலைக்குள் இருந்தன. தோட்டத்தில் ஒன்று, சந்தையில் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய வேலை யாருடையது?

"அப்பறம் சார்," என்று அவர் தயங்கினார். "மொத நடையிலயே டிரெய்லர் பின்னால படுத்துருச்சுன்னு உங்களுக்குத்தானே படம் அனுப்புனேன்? உங்களக் கேட்டுத்தான் பட்டறைக்கு விட்டேன்."

வாட்ஸ்அப்பில் என் பெயரைத் தேடி நீட்டினார். ஸ்பிரிங் அமுங்கி, பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் டிரெய்லரின் படம். கீழே அவர் கேள்வி, "சார் இப்படி உக்காருது என்ன செய்ய". அடுத்து என் கேள்வி, "லோடு கூடுதலா?" அவர் பதில், "இல்ல சார் அதே 150 தார்". அதற்கடியில் நான்: "ஸ்பிரிங் பழசாயிருக்கும். ரெண்டு பிளேட் கூடப் போட்டுக்குங்க. ஓகே." பக்கத்தில் கட்டைவிரல் தூக்கிய படம் வேறு.

செல்வம் பிளேட் என்று சொன்னபோது என்னை உறுத்தியது எது என்று அப்போது தெரிந்துவிட்டது.

உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு நான் அனுமதித்தபோது, டிரெய்லரும் நாழிப்பூவனும் சேர்த்து மூன்றேகால் டன்தான். அந்த டிராக்டர் அந்தச் சரிவில் தாராளமாகப் பிடித்து நிறுத்தும். ஜி-நைன் வந்ததும் அது ஆறு டன் ஆகிவிட்டது. டிரெய்லரின் ஸ்பிரிங் அமுங்கி, எடை கூடிவிட்டது என்று சொல்லத்தான் சொல்லியது. நான்தான் இரண்டு பிளேட்டைப் போட்டு அதன் வாயை அடைக்கச் சொன்னேன். டிரெய்லர் பட்டறைக்காரர் அவர் வேலையை ஒழுங்காகச் செய்து, ஐந்து டன் தாங்கும் என்று புதுத் தகடும் அடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த டிரெய்லர் நாலரை டன் வாழையை நன்றாகவே தாங்கியது. அது தாங்குமா என்ற கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லியிருக்கிறேன். அதை முன்னால் நிற்கும் இரண்டு டன் டிராக்டர் பிடித்து நிறுத்துமா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மேட்டில் இழுக்க முடியாவிட்டால் இன்ஜின் முக்கும், புகை விடும், நமக்கே தெரிந்துவிடும். இறக்கத்தில் வண்டி எதுவும் சொல்லாது. பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். செல்வம் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

இதையே ஜமீலா பீவியிடமும் சொன்னேன். கேட்டதும் அவர், "அப்ப அந்த மனுசன நான் தூங்கிட்டேன்னு சொல்ல வச்சேனா?" என்றார். "எத்தனை கிலோன்னு நான்தாம்மா கேட்டுருக்கணும்" என்றேன்.

தேனிக்குத் திரும்பியபோது மேலாளர் எனக்காகவே காத்திருந்தார். நான் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். பிற என்பதற்குப் பக்கத்தில் எழுதினேன்: டிரெய்லரின் மொத்த எடை டிராக்டரின் அளவை மீறியது, பயிர் மாறியதை விசாரிக்காமல் டிரெய்லரை வலுப்படுத்த ஒப்புதல் கொடுத்த சர்வீஸ் இன்ஜினியரின் தவறு. கீழே ஆய்வு செய்தவர் என்ற இடத்திலும் என் பெயர். தவறு செய்தவரும் நான், கண்டுபிடித்தவரும் நான். படித்துவிட்டு மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத எதுக்குய்யா எழுதணும்? வாட்ஸ்அப்ல சொன்னதெல்லாம் ஒப்புதலா? ஓவர்லோடுன்னு மட்டும் எழுதுங்க. பழி அந்தம்மா மேல போகட்டும். நீங்க ரிட்டையர் ஆக ரெண்டு வருசந்தான் இருக்கு."

நான் தைரியமாக மறுத்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே போய், பார்க்கிங்கில் கால்மணி நேரம் நின்றேன். ஓவர்லோடு என்று எழுதினால் அதுவும் பொய்யில்லையே என்று ஒரு மனம் வாதாடியது. ஆனால் அந்த அம்மாள் நான் கொடுத்த எண்ணிக்கையைத் தாண்டவே இல்லை. அமுங்கிய ஸ்பிரிங்கைக்கூட என்னிடம்தான் காட்டினார். அவர் மேல் பழி போட்டால், செல்வத்துக்கு ஊர் செய்ததையே நான் அந்த அம்மாளுக்குச் செய்கிறேன். உள்ளே போய் அதே தாளை மேசையில் வைத்தேன். மேலாளர் வாங்கி, சீல் குத்தினார். அடுத்த மாதம் என்னை உதிரிபாகக் கவுண்டருக்கு மாற்றினார்கள். கடைசி இரண்டு வருடம் அங்கே போல்ட்டும் ஃபில்ட்டரும் எடுத்துக் கொடுத்தேன். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்தக் கவுண்டரிலும் என் வியாதி போகவில்லை. டிரெய்லருக்கு ஸ்பிரிங் பிளேட் கேட்டு யார் வந்தாலும், இந்த வருடம் என்ன பயிர் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பேன். பிளேட்டுக்கும் பயிருக்கும் என்ன சம்பந்தம் என்று முறைப்பார்கள். நீங்களும் அப்படிக் கேட்டு முறைப்பு வாங்குங்கள். அதே லோடுதான் என்று யாராவது சொன்னால், எண்ணிக்கையில் அதேயா, எடையில் அதேயா என்று கேளுங்கள். அட்டவணையைப் பிறகு பார்க்கலாம்.

படிவத்தைக் கொடுத்த மறுநாள் காலை, அதன் நகலோடு செல்வத்தின் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே ஜமீலா பீவி வந்துவிட்டுப் போயிருந்தார். கால் கூடியதும் வண்டிச் சாவியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். டிரெய்லருக்குப் பிரேக் வைக்கப் பட்டறையில் சொல்லிவிட்டாராம், அதுவரை ஒரு நடைக்கு அறுபது தார்தானாம். ராணி இதையெல்லாம் சொல்லும்போது செல்வம் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி திரும்பக் கிடைத்ததைவிட வேறு ஏதோ ஒன்றுக்காக அவர் காத்திருப்பது மாதிரி இருந்தது.

நான் நகலை முழுக்கப் படித்துக் காட்டினேன். புளியமரத்தடியில் தொடங்கிய கறுப்புக் கோட்டைப் பற்றிப் படித்தபோது நிறுத்தச் சொன்னார்.

"அந்தக் கோடு நான் மிதிச்சதா சார்?"

"நீங்க மிதிச்சதுதான். சரிவு தொடங்குற எடத்துலயே மிதிச்சிருக்கீங்க. பாலம் வரைக்கும் கால எடுக்கவே இல்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, கேட்டியா? நான் முழிச்சுத்தான் இருந்தேனாம்."